எட்டு மாதம் தோட்டம், நாலு மாதம் களம்!

2023-ம் வருஷம் ஜூலை மாதம் நினைவிருக்கிறதா? தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. சென்னையில் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய் என்று அரசாங்கமே தக்காளி விற்க வேண்டி வந்தது. ரசத்துக்குக் கூட அரைத் தக்காளி போடலாமா, கால் தக்காளி போதுமா என்று யோசித்த நாட்கள் அவை. அதற்கும் மூன்று வருஷம் முன்னால், 2020 மே மாதத்தில், கொரோனா பரவியதால் கோயம்பேடு மார்க்கெட்டையே மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். தெருவில் கறிகாய் வண்டி வருமா, வராதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதெல்லாம் எந்த வீட்டு அலமாரியில் ஒரு டப்பா சுண்டைக்காய் வற்றலும், ஒரு ஜாடி மாவடுவும், ஒரு பாட்டில் தக்காளித் தொக்கும் இருந்தனவோ, அந்த வீட்டு இல்லத்தரசிக்கு மட்டும் கொஞ்சம் தைரியம் இருந்தது. “இன்னிக்கு வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், முடிஞ்சது சமையல்” என்று நிம்மதியாக இருக்க முடிந்தது.

மாடித் தோட்டம் போடும் ஆசை இன்று நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், போடுகிறவர்களில் பாதிப் பேர் சித்திரை, வைகாசியில் கை கழுவி விடுகிறார்கள். “எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கருகிப் போயிடுதுங்க அக்கா! வெயில் தாங்கலை, விட்டுட்டேன்” என்று அலுத்துக்கொள்ளும் குரலை எல்லாத் தெருவிலும் கேட்கலாம்.

வெயில்மீது கோபப்பட்டு என்ன பயன்? செடியைக் கருக்கும் அதே வெயில்தான் வற்றலையும் வடகத்தையும் காய வைக்கிறது. நம் பாட்டிமார்கள் மாடியைக் களமாக வைத்திருந்தார்கள். நாம் அதைத் தோட்டமாக்கப் பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்துக்கொண்டால் என்ன? ஆடி முதல் மாசி வரை எட்டு மாதம் தோட்டம். பங்குனி முதல் ஆனி வரை நாலு மாதம் களம். இந்தக் கணக்கு மனசில் பதிந்துவிட்டால், மாடி வருஷம் முழுவதும் உங்களுக்குச் சோறு போடும். சென்னையையும் அதைப் போன்ற வெயில் ஊர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாடியைப் பாருங்கள்

செடி வாங்கக் கிளம்புமுன் மாடித் தளத்தைப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிற பள்ளம், விரிசல், கீழ்வீட்டுக் கூரையில் ஈரக் கசிவு இவை இருந்தால் முதலில் அவற்றைச் சரி செய்யுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும், அடுக்குமாடி என்றால் சங்கத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பிற்பாடு மனஸ்தாபம் இல்லாமல் இருக்க உதவும்.

அடுத்தது பாரம். வெறும் மண்ணை நிரப்பினால் 20 லிட்டர் வாளி ஒன்று நனைந்த நிலையில் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுப்பது அவசியம். அதில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் செடி வதங்கும். கனமான தொட்டிகளைச் சுவர் ஓரமாக வையுங்கள். மாடி நடுவில் குவிக்க வேண்டாம். பைகளுக்கு அடியில் இரண்டு செங்கல்லோ, பலகையோ கொடுத்துத் தூக்கி வைத்தால் தளம் காயும், கசிவும் வராது.

தண்ணீர் விஷயம் ரொம்ப முக்கியம். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். குடிக்கிற தண்ணீருக்கே பஞ்சம் வரும் ஊரில், கோடையில் ஐம்பது பைக்கு நீர் ஊற்றுவது நியாயமும் இல்லை, சாத்தியமும் இல்லை. கோடையில் தோட்டத்தைச் சுருக்கிக் களத்தை விரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற நாட்களில் அரிசி, பருப்பு, காய் கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்தாலே பத்துப் பைக்கு ஒரு வேளைத் தண்ணீர் தேறும். சோப்பு கலந்த நீரைக் கீரைக்கு ஊற்றாதீர்கள்.

ஆடியில் ஆரம்பம்

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது வயலுக்கு மட்டும் சொன்னதில்லை, மாடிக்கும் பொருந்தும். முதல் வருஷம் பத்துப் பை போதும். ஆசைப்பட்டு நாற்பது பை வாங்கினால் நாலே வாரத்தில் சலித்துவிடும்.

இரண்டு பை கீரைக்கு. முளைக்கீரையும் அரைக்கீரையும் 25, 30 நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். இரண்டு பை வெண்டைக்கு. விதைத்து 45 நாள் சுமாருக்குக் காய் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். இரண்டு பை கத்திரிக்கு. நாற்று விட்டு, 25, 30 நாளில் பிடுங்கி நட வேண்டும். ஒரு பெரிய பை அவரைக்கு. அவரை அவசரப்படாது. ஆடியில் போட்டால் பகல் குறைந்து பனி விழுகிற கார்த்திகை, மார்கழியில்தான் பூக்கும். “கொடியா ஓடுது, பூவே இல்லை” என்று புரட்டாசியில் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்! மிச்சம் மூன்று பையில் பச்சை மிளகாய், மணத்தக்காளி, புதினா. புதினாவுக்கு விதை தேட வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை நட்டால் போதும். மணத்தக்காளிக்குப் பழுத்த பழத்தைப் பிசைந்து போட்டாலே முளைக்கும்.

தக்காளியை ஆடியில் போட வேண்டாம். புரட்டாசியில் நாற்று விடலாம். இரவும் புழுக்கமாக இருக்கிற நாட்களில் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். மார்கழி, தைக் குளிரில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

பூச்சிக்கு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலக்கி, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தால் மாவுப்பூச்சியும் அசுவினியும் அடங்கும். அடுப்படிக் கழிவைக் குப்பைக்காரரிடம் கொடுக்காமல், ஓட்டை போட்ட பழைய டிரம்மில் காய்ந்த இலைச் சருகுடன் மாற்றி மாற்றி அடுக்கி வாருங்கள். கழிவு ஒரு பங்கு, சருகு இரண்டு பங்கு. மூன்று மாதத்தில் நல்ல எரு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். ஆனால் பைகளின் அடி ஓட்டைகள் அடைபட்டுள்ளனவா என்று குச்சி விட்டுப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். தோட்டம் போட்டு நோயை வரவழைத்துக்கொள்ளக் கூடாதல்லவா?

மார்கழி, தை, மாசியில் தோட்டம் உச்சத்தில் இருக்கும். கத்திரி, தக்காளி, அவரை, முள்ளங்கி, கொத்துமல்லி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். இங்கேதான் கெட்டிக்காரத்தனம் வேண்டும். ஐந்து பேர் தின்று முடிக்க முடியாத அளவு ஒரே வாரத்தில் வரும். பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இருக்காது. விளைவிப்பது பாதி வேலைதான். விளைந்ததை ஐப்பசி மழைநாள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி.

களமாகும் மாடி

பங்குனி பிறந்ததும் முடிந்த செடிகளைப் பிடுங்குங்கள். பை மண்ணைக் கொட்டிப் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காய வைத்தால் மண்ணில் உள்ள பூச்சி, பூசணம் பெரிதும் குறையும். பிறகு எரு கலந்து ஆடிக்குத் தயாராக மூடி வையுங்கள். கொத்தவரை, கறிவேப்பிலை, ஒரு சுண்டைச் செடி, நிழல் வலைக்கு அடியில் புதினா ஆகியவை மட்டும் இருக்கட்டும். மீதி இடம் முழுக்கக் களம்.

மாசி, பங்குனியில் மாவடு வரும். காம்போடு உள்ள, அடிபடாத வடுவாகப் பொறுக்கி எடுத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, கிலோவுக்கு ஏறக்குறைய 200 கிராம் கல் உப்புப் போட்டு ஜாடியில் குலுக்கி வையுங்கள். தினம் இரண்டு வேளை குலுக்கினால் நாலைந்து நாளில் தண்ணீர் விட்டுச் சுருங்கும். அப்புறம் மிளகாய், கடுகு, மஞ்சள் பொடி.

சித்திரை வெயிலில் சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய், கொத்தவரங்காய், வெண்டைக்காய் எல்லாவற்றையும் வற்றல் போடலாம். அரைக் கிலோ சுண்டைக்காய்க்கு அரை லிட்டர் புளித்த கெட்டி மோரும் 50 கிராம் கல் உப்பும் போதும். காயை லேசாகத் தட்டி, மோரில் இரவு முழுக்க ஊற வைத்துக் காலையில் வடித்து வெயிலில் பரப்புங்கள். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் உறிஞ்சி முடிகிற வரை இப்படி மூன்று நாலு நாள். பிறகு மோர் இல்லாமல் வெறுமே காய வையுங்கள்.

“வத்தல் காஞ்சிடுச்சான்னு எப்படிம்மா தெரியும்?” என்று புதுசாகக் குடித்தனம் வந்த பெண்கள் கேட்பதுண்டு. கையில் எடுத்து ஒடித்தால் ‘சடக்’ என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். ஒரு கிலோ வெண்டைக்காய் காய்ந்து 100 கிராம் சுமாருக்கு வந்துவிடும். ‘இவ்வளவுதானா!’ என்று நினைக்காதீர்கள். போனதெல்லாம் தண்ணீர்தான்.

ஓலைப் பாய்மேல் பழைய வேட்டியை விரித்துக் காய வையுங்கள். மேலே ஒரு கொசு வலையைப் போர்த்தினால் தூசு, ஈ, காக்கை மூன்றுக்கும் காவல். காலை 10 மணிக்கு மேல் வைத்து 4 மணிக்குள் எடுத்து உள்ளே கொண்டு வந்துவிடுங்கள். இரவில் வெளியே விட்டால் பனியும் ஈரக் காற்றும் பகல் முழுக்கக் காய்ந்ததைக் கெடுத்துவிடும். ஆறவிட்ட பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

கெடாமல் இருப்பது எதனால்?

பழக்கத்தில் செய்துவிடுகிறோம், காரணத்தையும் தெரிந்துகொண்டால் கை தவறாது. உணவைக் கெடுக்கும் கிருமிகளுக்கு உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். வெயில் அந்தத் தண்ணீரை எடுத்துவிடுகிறது. உப்பும் சர்க்கரையும் காயில் இருக்கும் நீரை இழுத்து, கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்துவிடுகின்றன. புளி, எலுமிச்சை, மாங்காய், மோர் இவற்றின் புளிப்பு பெரும்பாலான கெட்ட கிருமிகளை வளரவிடாது. ஊறுகாய்மேல் நிற்கும் நல்லெண்ணெய் காற்றுப் படாமல் தடுத்துப் பூசணத்தைத் தள்ளி வைக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும். எல்லாக் கிருமியையும் அல்ல. காற்றில்லாத இடத்தில்தான் வளர்வேன் என்கிற கிருமியும் உண்டு. ‘பாட்டுலிசம்’ என்ற உயிர்க்கொல்லி நச்சு நோய் அப்படிப்பட்ட ஒரு கிருமியால் வருவது. புளிப்பு நன்றாக இருந்தால், அதாவது பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அது வளராது. ஆகவே உரித்த பூண்டைப் புளிப்புச் சேர்க்காமல் வெறும் எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பது ஆபத்து. எலுமிச்சைச் சாறோ புளியோ வினிகரோ தாராளமாகச் சேர்த்துத்தான் பூண்டு ஊறுகாய் போட வேண்டும். அதே போல, பீன்ஸ், பட்டாணி, கீரை இவற்றைச் சும்மா தண்ணீரில் வேக வைத்துப் பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் யோசனையே வேண்டாம். புளிப்பு இல்லாத காய்களுக்கு வெயிலும் உப்பும்தான் சரி.

பூசணம் பிடித்த வற்றலையோ மிளகாயையோ துடைத்து, வறுத்துச் சாப்பிடாதீர்கள். சில பூசணங்கள் விடும் நச்சு வறுத்தாலும் போகாது. “இவ்வளவு பாடுபட்டுப் போட்டோமே” என்று மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள். குழந்தைகள் சாப்பிடுகிற வீடு.

புளிப்புப் பண்டங்களைப் பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் வைக்க வேண்டாம். பீங்கான் ஜாடியும் கண்ணாடிப் பாட்டிலும் உத்தமம். கண்ணாடிப் பாட்டிலைக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி நிரப்புங்கள். எடுக்கும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும். தக்காளித் தொக்கைப் புளியும் உப்பும் சேர்த்துச் சுருள வதக்கி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவதே பத்திரம்.

டாக்டர் கோபிக்காமல் இருக்க...

“ஊறுகாயும் வத்தலும் தின்னா பிரஷர் ஏறாதா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஏறும், அளவு மீறினால் நிச்சயம் ஏறும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிற அளவோடு நிறுத்துங்கள். வற்றல் போட்டுக் குழம்பு வைத்தால் குழம்பில் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

உப்பே இல்லாமல் காய வைக்கக் கூடியவையும் உண்டு. கொத்தவரங்காயைக் கொதிநீரில் ஒரு கொதி விட்டு வடித்துக் காய வைக்கலாம். கறிவேப்பிலையையும் முருங்கைக் கீரையையும் கழுவி, உதறி, வெயிலில் வைக்காமல் வீட்டுக்குள் காற்றாட நிழலில் உலர்த்திப் பொடி செய்யலாம். நேர் வெயில் கீரையில் உள்ள வைட்டமின் ‘ஏ’ சத்தை அழித்துவிடும். வைட்டமின் ‘சி’ எப்படி உலர்த்தினாலும் பெரும்பாலும் போய்விடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் தங்கும்.

இதை விசேஷமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. பாதிக்கு மேல்! வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற நம் வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. அடைமழையில் கீரை கிடைக்காத நாட்களில் ஒரு ஸ்பூன் முருங்கைப் பொடியை அடை மாவிலோ பருப்பிலோ கலந்துவிடுங்கள். கூடவே எலுமிச்சம்பழமோ, உப்புநீரில் ஊறிய நெல்லிக்காயோ ஒன்று இருந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்த வேண்டாம். பொடி மாத்திரைக்குத் துணைதான்.

யார் செய்வது?

எல்லாம் சரி. காலையில் டிபன் கட்டி, பிள்ளைகளை அனுப்பி, ஆபீஸுக்கு ஓடுகிற பெண் 10 மணிக்கு மாடியில் பாய் விரிப்பது எப்படி? உண்மையான கஷ்டம் இதுதான். தோட்டமும் களமும் வீட்டில் ஒருத்தியின் தலையில் விழுந்தால் இரண்டு மாதத்தில் வெறுத்துப் போகும். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு, பை தூக்கிவைப்பது மகன் பொறுப்பு, பறிப்பது மகள் பொறுப்பு. பரீட்சை முடிந்து லீவு விட்ட குழந்தைகளுக்குக் காக்கை விரட்டும் உத்தியோகம் கொடுங்கள். பாட்டியிடம் கதை கேட்டுக்கொண்டே மாடிப்படி நிழலில் உட்கார்ந்து செய்துவிடுவார்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு இது பெரிய கௌரவம். “அத்தை, மோர் எவ்வளவு புளிக்கணும்?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மாமியாரின் முகம் மலர்வது தெரியும். அந்தக் கைப்பக்குவம் எந்த நோட்டிலும் எழுதி வைத்திருக்காது. அவர்கள் சொல்லும்போதே அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தலைமுறையோடு போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

தனியாக இருக்கிறவர்கள் அடுக்குமாடியில் நாலு வீட்டுப் பெண்களாகச் சேர்ந்து செய்யலாம். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர் காய வைக்க, வேலைக்குப் போகிறவர் காயும் உப்பும் எண்ணெயும் வாங்கித் தர, ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகப் பங்கு பிரிக்கலாம். பாய் விரித்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை மறக்காமல் அவருக்கு ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

முதல் வருஷம் பை, எரு, நார்க்கழிவு என்று செலவுதான் தெரியும். லாபக் கணக்கை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம். அடைமழையில் கடைக்குப் போக முடியாத ஒரு நாள், மாத்தூக்கி டப்பாவில் கைவிட்டுப் பத்துச் சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் பொரியப் போடும்போது கணக்கு தானாகப் புரியும்.

வரும் ஆடிக்குப் பத்துப் பை. சித்திரைக்கு ஒரு பாய். ஆரம்பித்துத்தான் பாருங்களேன்!